பாதி கார், பாதி சரக்கு வண்டி: சின்ன பிக்கப்புக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

2021 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் மாவெரிக் என்ற சின்ன பிக்கப்பை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. தொடக்க விலை 19,995 டாலர். அமெரிக்கர்களுக்குப் பெரிய பிக்கப்தான் பிடிக்கும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த சந்தை அது. ஆனால் 2022 ஜனவரியிலேயே அந்த ஆண்டு மாடலுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. வந்து குவிந்த ஆர்டருக்குத் தொழிற்சாலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. தெற்கே பிரேசிலில் நிலைமை இன்னும் ஒரு படி மேல். 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகளும் அந்நாட்டில் எல்லாக் கார்களையும் தாண்டி அதிகம் விற்ற வாகனம் ஃபியட் ஸ்ட்ராடா என்கிற சின்ன பிக்கப்.

மறுபக்கம் பாருங்கள். இந்த வகை வண்டி பிறந்த ஆஸ்திரேலியாவில் அதன் கடைசி உள்ளூர்த் தயாரிப்பு 2017-இல் முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் சிறு வியாபாரிகள் நம்பியிருந்த நிசான் என்பி200 வண்டியின் தயாரிப்பு 2024-இல் நின்றது. கிட்டத்தட்ட ஒரே சாதிப் பொருள், ஓரிடத்தில் முதலிடம், இன்னோரிடத்தில் மூடுவிழா. மக்களின் ரசனையை வைத்து இதை விளக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். வண்டியின் கட்டமைப்பிலிருந்து தொடங்கி, எடைக் கணக்கைப் பார்த்து, வரி விதிகளுக்குப் போனால் விஷயம் தெளிவாகிவிடும்.

எது கார் வகை பிக்கப், எது இல்லை

பிக்கப் என்பது முன்னால் ஆள் உட்காரும் கேபின், பின்னால் மேலே திறந்த சரக்குத் தொட்டி. வெளித்தோற்றம் அவ்வளவுதான். அடியில் இரண்டு வேறு கட்டுமான முறைகள் இருக்கின்றன.

1. ஏணிச் சட்டம். இரண்டு நீளமான எஃகு உத்தரங்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். படுக்க வைத்த ஏணி போலவே இருக்கும். இன்ஜின், ஆக்சில், கேபின், தொட்டி எல்லாம் தனித்தனியாக அதன்மேல் போல்ட் போட்டு மாட்டப்படும். டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், எஃப்-150 எல்லாம் இந்த ரகம்.

2. மோனோகாக். தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, தூண்கள், கூரை எல்லாவற்றையும் வெல்டிங் செய்து ஒரே கூடாக்கி, அந்தக் கூடே எடையைத் தாங்கும். இன்று சாலையில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான்.

ஒரு காரின் மோனோகாக்கை எடுத்து, பின்பாதிக் கூரையை நீக்கி, தரையைப் பலப்படுத்தி, அங்கே தொட்டி வைத்தால் அதுதான் கார் வகை பிக்கப். இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், டேஷ்போர்டு, முன்கதவு என்று முன்பாதியில் பெரும்பகுதி தாய்க்காரிடமிருந்து வருவது. வடிவமைப்பாளர்களுக்கு உண்மையான வேலை பின்பாதியில்தான்.

சாலையில் நிற்கும் வண்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏணிச் சட்ட பிக்கப்பில் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். மேடு பள்ளத்தில் இரண்டும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ள அந்த இடம் வேண்டும். கார் வகையில் அது தேவையில்லை. ஆனால் பெரிய பிக்கப் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் ஒரு கோட்டைப் போட்டு வைக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே குனிந்து அடியில் உத்தரம் இருக்கிறதா என்று பார்ப்பதே நிச்சயமான வழி.

சின்னதாக இருப்பதெல்லாம் இந்த வகையில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் கெய் டிரக்குகள் பிறக்கும்போதே சரக்கு வண்டிகள். ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். 1970-களில் உலகெங்கும் போன டாட்சன், டொயோட்டா பிக்கப்கள் உருவில் சின்னவை, ஆனால் ஏணிச் சட்ட வண்டிகள். ஹோண்டா ரிட்ஜ்லைன் நேர்மாறு. அது மோனோகாக்தான், ஆனால் சின்னதில்லை.

சுருக்கமாக வரலாறு

1932-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலிருந்து ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகவும் ஒரே வண்டி கிடைக்காதா என்பது அவர் கேட்டது. கீலாங் தொழிற்சாலையில் இருந்த லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் காரின் கேபினையும் சரக்குத் தொட்டியையும் ஒரே உடலாக இணைத்து வரைந்தார். 1934-இல் வண்டி வெளிவந்தது. யூட் என்று ஆஸ்திரேலியர்கள் சொல்வது இந்தப் பரம்பரையைத்தான். இரண்டு வண்டி வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு ஒரே வண்டி என்ற அந்தக் கோரிக்கை தொண்ணூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை.

அமெரிக்காவில் ஃபோர்டு ராஞ்செரோ 1957-இலும், செவ்ரலே எல் கமினோ 1959-இலும் வந்தன. இரண்டுமே பெரிய செடான் கார்களின் உடன்பிறப்புகள். நாளாக ஆக, சரக்கை விடப் பகட்டுக்கும் வேகத்துக்கும் பேர் வாங்கிய வண்டிகள்.

இன்றைய சின்ன பிக்கப்புக்கு நேரடி முன்னோர் 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்தவை. அப்போது சின்னக் கார்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறின. இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே அடங்கிவிட்டதால் இன்ஜினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு வேலையில்லை. தொட்டியின் தரையை நன்றாகத் தாழ்த்த முடிந்தது. ஃபியட் 147-இன் பிக்கப், ஃபோக்ஸ்வாகன் ராபிட் பிக்கப், 1982-இல் பிரேசிலில் வந்த சவேய்ரோ, அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம்பேஜ் எல்லாம் இந்தத் திருப்பத்தின் பிள்ளைகள்.

ஈர்ப்பு எதில் இருக்கிறது

பிக்கப் வாங்குவது பாரம் ஏற்றுவதற்கு என்றுதான் பேச்சு தொடங்கும். ஆனால் வீட்டுக்காரரோ சிறு தொழில் செய்பவரோ ஆண்டு முழுக்க ஏற்றுவதை எழுதி வைத்துப் பார்த்தால், பாரமானது கொஞ்சம்தான். பெரும்பாலானவை அழுக்கானவை, உயரமானவை, நனைந்தவை, அல்லது நாற்றமடிப்பவை.

1. கூரை இல்லாததே வசதி. ஒரு குளிர்சாதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை இரண்டு பேர் தூக்கும் அளவுதான். ஆனால் அதை நிமிர்த்தியே கொண்டுபோவது நல்லது. படுக்க வைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும், பிறகு நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் காத்திருந்துதான் சுவிட்ச் போட வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்யூவியாக இருந்தாலும் அதன் கூரை இந்தப் பெட்டியை நிமிர்ந்து நிற்க விடாது. சின்ன பிக்கப்பில் நிற்க வைத்துப் பட்டையால் இழுத்துக் கட்டினால் முடிந்தது. தொட்டிச் செடிகள், உடைத்த ஓடுகள், சேறு படிந்த சைக்கிள், எரிபொருள் கேன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வாசனையும் புழுதியும் கேபினுக்குள் வராது. வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொட்டியைக் கழுவிவிடலாம். காரின் டிக்கியில் விரித்திருக்கும் கம்பளத்தை அப்படிக் கழுவ முடியாது.

2. தரை தாழ்ந்திருப்பது. இது விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத விஷயம், ஆனால் தினமும் உணரப்படுவது. அண்மைக்காலத்துப் பெரிய பிக்கப்களில் தொட்டியின் பக்கச்சுவர் பலருக்கு நெஞ்சு உயரம். உள்ளே கிடக்கும் ஒரு கயிற்றை எடுக்கச் சக்கரத்தின்மேல் கால் வைத்து ஏற வேண்டும். பின்கதவிலேயே படிக்கட்டு வைத்து விற்கிறார்கள் என்றால் பிரச்சினை எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று தெரிகிறது அல்லவா! கார் வகை பிக்கப்பில் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டித் தொட்டியின் தரையை எட்டலாம். ஒரு மூட்டையை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவதற்கும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம், பத்தாவது மூட்டையில் முதுகுக்குத் தெரியும்.

3. எரிபொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் 2022 மாவெரிக்கின் முன்சக்கர ஹைபிரிட் ரகம் நகருக்குள் கேலனுக்கு 42 மைல் ஓடும், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 18 கி.மீ. பிக்கப் என்ற பெயரில் அதுவரை அமெரிக்கர்கள் பார்த்திராத எண் அது.

4. அளவு. மாவெரிக்கின் நீளம் சுமார் 5.07 மீட்டர். நான்கு கதவு எஃப்-150 ஏறக்குறைய 5.9 மீட்டர். பார்க்கிங் இடத்தில் அந்த 80 சென்டிமீட்டரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

5. ஓட்டும் சுகம், உதிரிபாகம். தாய்க்கார் லட்சக்கணக்கில் ஓடுவதால் பிரேக் பேடிலிருந்து முன்விளக்குவரை எங்கும் கிடைக்கும். ஸ்டியரிங்கும் திருப்பமும் கார் மாதிரியே இருக்கும்.

இன்னொன்று, மாவெரிக்கின் தொட்டிப் பக்கங்களில் செங்குத்தாகச் சில பள்ளங்கள் அழுத்தி விடப்பட்டிருக்கின்றன. சாதாரண மரச்சட்டத்தை வெட்டி அவற்றில் செருகினால் தொட்டியை அறைகளாகப் பிரிக்கலாம், அல்லது இரண்டாவது தட்டு போடலாம். கூடுதல் விளக்கு மாட்ட 12 வோல்ட் வயரையும் முன்கூட்டியே இழுத்து வைத்திருக்கிறார்கள். உதிரிபாகமாகப் பெட்டியில் போட்டு விற்றிருக்கக்கூடிய ஒன்றை வாங்குபவரே மரக்கடையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது எனக்குப் பிடித்த முடிவு.

எடைக் கணக்கு

விற்பனைத் தாளில் சுமைத்திறன் என்று ஓர் எண் இருக்கும். வண்டி தாங்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடையிலிருந்து வண்டியின் வெறும் எடையைக் கழித்தால் வருவது அது. பலர் தவறவிடுவது, அந்த எண்ணுக்குள் ஆட்களும் அடக்கம் என்பதை.

மாவெரிக்கின் சுமைத்திறன் 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. ஓட்டுநர் மட்டும் ஏறினால், அவர் 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், 605 கிலோ மிச்சம். 50 கிலோ சிமெண்ட் மூட்டை 12 ஏற்றலாம். ஐந்து பேர் ஏறினால் ஆட்களே 375 கிலோ. மிச்சம் 305 கிலோ, ஆறு மூட்டை. தொட்டியில் இன்னும் இடம் காலியாகத்தான் தெரியும். ஆனால் கணக்கு முடிந்துவிட்டது. ஈரமணலும் ஜல்லியும் இந்த இடத்தில் பலரை ஏமாற்றும். ஒரு கன மீட்டர் ஈரமணல் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், ஆகவே தொட்டியின் அடியில் பரப்பி வைத்ததுபோல் தெரியும்போதே எல்லையைத் தொட்டிருக்கும்.

சரி, 680 கிலோ கம்மியா? பெரிய பிக்கப்களிலேயே சொகுசு ரகங்கள் சில இந்த எண்ணைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் எல்லாம் வெறும் எடையில் சேர்ந்து சுமைத்திறனைத் தின்றுவிடும். உருவத்தைப் பார்த்து எடையைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அடுத்து, எடை எங்கே உட்காருகிறது என்பது. பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்த பாரம் முழுவதும் பின்சக்கரங்களில் இறங்கும். அதற்கும் பின்னால் போனால் வண்டி துலாக்கோல் மாதிரி வேலை செய்யும், பின்பக்கம் அழுந்த, முன்பக்கம் எழும்பும். மாவெரிக்கில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.08 மீட்டர். 300 கிலோ பாரத்தின் மையம் பின் ஆக்சிலுக்கு 30 செ.மீ. பின்னால் இருந்தால், முன்சக்கரங்களிலிருந்து சுமார் 29 கிலோ கழிந்து பின்னால் போய்ச் சேரும்.

29 கிலோதானே என்று விட்டுவிட முடியாது. இழுக்கிற சக்கரங்கள் முன்னால் இருப்பவை. மேடு ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாயும். ஈரமான புல்லிலோ சரளையிலோ பாரத்தோடு ஏற்றத்தில் நின்று கிளம்பினால் முன்சக்கரம் சுழன்றபடி நிற்கும். பின்சக்கர இயக்க வண்டியில் இதே பாரம் பிடிமானத்தைக் கூட்டியிருக்கும். ஆனால் வெறும் வண்டியில் நிலைமை தலைகீழ். காலியான பின்சக்கர பிக்கப்பின் பின்பக்கம் மழையில் வழுக்கிக்கொண்டு போகும், முன்சக்கர பிக்கப் ஒழுங்காகப் போகும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் தொட்டி காலியாக இருக்கும் ஒருவருக்கு முன்சக்கர இயக்கம் நஷ்டமில்லை. இந்தச் சிக்கலைச் சமாளிக்க ஸ்ட்ராடாவின் பழைய ரகங்கள் சிலவற்றில் முன் ஆக்சிலில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி தந்தார்கள். ஒரு சக்கரம் வீணாகச் சுழலாமல் இரண்டும் சேர்ந்து இழுக்கும். நான்கு சக்கர இயக்கத்தின் விலையும் எடையும் இல்லாமல் அதில் பாதிப் பயன்.

பின்பக்க சஸ்பென்ஷனைப் பார்த்தால் நிறுவனம் யாரை மனதில் வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்ட்ராடாவில் பின்னால் ஒரே தண்டான ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும். தினமும் பாரம் ஏற்றுபவருக்கானது, காலியாகப் போகும்போது கொஞ்சம் தூக்கிப் போடும். மாவெரிக்கின் முன்சக்கர ரகத்தில் காரில் வருவது போல இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்கு உத்தரம், நான்கு சக்கர ரகத்தில் சக்கரத்துக்குச் சக்கரம் தனித் தொங்கல். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், ஆறாம் நாள் பாரம் என்பவருக்கானது.

எங்கே தோற்கும்

மூடிய பெட்டி முறுக்குக்கு நன்றாக ஈடுகொடுக்கும், மேல்பக்கம் திறந்த பெட்டி கொடுக்காது. காரின் பின்கூரையை வெட்டியதும் நடப்பது அதுவே. இழந்த விறைப்பை ஈடுகட்டத் தரையிலும் பக்கச்சுவரிலும் கூடுதல் எஃகு சேர்க்க வேண்டும். முதல் தலைமுறை ரிட்ஜ்லைனில் கேபின் பின்தூணிலிருந்து தொட்டிப் பக்கம்வரை சாய்வாக இறங்கிய அகலத் தகடு அழகுக்காக வைத்தது மட்டுமல்ல, அந்த விறைப்புக்கும்தான்.

இதனால் வரும் நடைமுறை வரம்புகள் மூன்று.

1. தொடர்ந்து அதிகப் பாரம் ஏற்றினால் ஏணிச் சட்ட வண்டியில் ஸ்பிரிங் தளரும், மாற்றிக்கொள்ளலாம். மோனோகாக்கில் தகடும் வெல்டிங் இணைப்பும் சேர்ந்து களைக்கும். அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

2. தொட்டியைக் கழற்றிவிட்டுத் தட்டையான தளமோ தண்ணீர் டேங்கோ கூண்டோ மாட்ட முடியாது. தொட்டி உடலின் ஒரு பகுதி.

3. இழுவை. மாவெரிக் சாதாரணமாக இழுக்க அனுமதிக்கப்பட்டது 2,000 பவுண்டு, டர்போ இன்ஜினோடு இழுவைத் தொகுப்பையும் சேர்த்தால் 4,000. சின்னப் படகு, சின்ன டிரெய்லர். பெரிய கேரவன் இழுப்பவர் வேறு வண்டியைப் பார்ப்பதே நல்லது.

அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் இல்லை

இவ்வளவு வசதியான வண்டியை ஏன் எல்லோரும் தயாரிப்பதில்லை என்ற கேள்விக்கு, மக்கள் கேட்கவில்லை என்பது நிறுவனங்கள் நெடுங்காலம் சொன்ன பதில். மாவெரிக்குக்குக் குவிந்த ஆர்டர் அதைப் பொய்யாக்கியது. நாடு நாடாகப் பார்த்தால் பெரும்பாலும் சட்டப் புத்தகமே இந்த வண்டியின் தலையெழுத்தை எழுதியிருக்கிறது.

அமெரிக்கா: கோழியால் வந்த வரி

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மலிவான கோழி இறைச்சி மேற்கு ஜெர்மனியிலும் பிரான்சிலும் குவிந்தது. அந்த நாடுகள் சேர்ந்திருந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கோழி மீது வரியை ஏற்றியது. பதிலுக்கு அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் ஆகிய நான்குக்கும் 25 விழுக்காடு இறக்குமதி வரி போட்டார். குறிவைத்தது ஃபோக்ஸ்வாகனின் வேன் வகை பிக்கப்பை. மற்ற மூன்றுக்கும் வரி பின்னாளில் விலகியது. டிரக் வரி அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. பயணிகள் காருக்கான சாதாரண வரி 2.5 விழுக்காடாக இருக்க, அதே காரின் பின்பாதியைத் திறந்து தொட்டி வைத்தால் 25 விழுக்காடு. லாபம் மெலிந்த சின்ன வண்டியால் அதைத் தாங்க முடியாது.

தப்பிக்கச் செய்த வேலைகள் சுவையானவை. 1970-களில் ஜப்பானிய பிக்கப்கள் தொட்டி இல்லாமல் வெறும் கேபினும் சேசிஸுமாகக் கப்பலேறின. அந்த நிலையில் வரி 4 விழுக்காடுதான். கரையிறங்கிய பிறகு தொட்டி மாட்டப்பட்டது. 1980-இல் அந்த வழி அடைபட்டது. சுபாரு 1978 மாடலாகக் கொண்டுவந்த பிராட் என்ற வண்டியில் இன்னொரு தந்திரம்: திறந்த தொட்டிக்குள்ளேயே பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. தொட்டியில் ஆள் உட்கார இடமிருப்பதால் அது பயணிகள் வாகனமாம்! ரொனால்ட் ரீகன்கூடத் தம் பண்ணையில் ஒரு பிராட் வைத்திருந்தார். காற்றிலும் தூசியிலும் அந்த இருக்கையில் யார் விரும்பி உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த வரியிலிருந்து நேராகத் தப்ப ஒரே வழி வட அமெரிக்காவுக்குள் தயாரிப்பது. ஆகவேதான் ஃபோக்ஸ்வாகன் அப்போது பென்சில்வேனியாவில் ராபிட் பிக்கப்பைச் செய்தது. மாவெரிக் மெக்சிகோவின் எர்மோசியோவிலும், ஹூண்டாய் சான்டா குரூஸ் அலபாமாவின் மான்ட்காமரியிலும் தயாரிப்புக்கு வந்தன. 2025 ஏப்ரலில் வாகன இறக்குமதி மீது புதிய வரி வந்ததும் மெக்சிகோ வழியும் பழைய பாதுகாப்பை இழந்தது. அடுத்த மாதமே ஃபோர்டு மாவெரிக்கின் விலையை உயர்த்தியது. 20,000 டாலருக்குக் கீழே தொடங்கிய வண்டி அந்த ஆண்டில் 28,000 டாலரை எட்டியதன் பின்னணியில் இந்த வரியும், அதற்கு முந்தைய தொடர் விலையேற்றங்களும் உள்ளன.

அமெரிக்கா: நிழலின் பரப்பளவு

இரண்டாவது தடை எரிபொருள் சிக்கன விதி. 2011 மாடல் ஆண்டிலிருந்து இலகுரக டிரக்குகளுக்கான இலக்கு, நான்கு சக்கரங்களுக்குள் அடங்கும் பரப்பை வைத்துக் கணக்கிடப்பட்டது. சக்கரங்களுக்கு இடையேயான நீளத்தை அகலத்தால் பெருக்கினால் அந்தப் பரப்பு. பரப்பு பெரிதானால் இலக்கு தளரும், சிறிதானால் இறுகும். வண்டியைச் சின்னதாகச் செய்து சிக்கனத்தை ஏமாற்றிக் காட்டக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் போட்ட விதி. விளைவு, சின்ன பிக்கப் செய்பவர் கடினமான தேர்வை எழுத வேண்டும், அதையே நீட்டி அகலப்படுத்தியவருக்கு எளிய கேள்வித்தாள். அமெரிக்கச் சாலையில் சின்ன பிக்கப்கள் மறைந்ததற்கு இது ஒரே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று. மாவெரிக்கின் முதல் மாடலில் ஹைபிரிட்டே அடிப்படை ரகமாக வந்தது இந்தப் பின்னணியில் பார்த்தால் புரியும்.

பிரேசில்: டீசல் இல்லாத சாதகம்

பிரேசிலில் 1970-களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்திலிருந்து, ஒரு டன்னுக்குக் குறைவான பாரம் ஏற்றும் வாகனங்களுக்கு டீசல் கிடையாது, நான்கு சக்கர இயக்கமுள்ள சில வகைகள் மட்டும் விலக்கு. ஆகவே ஒரு டன் வண்டிகள் டீசலில் ஒரு பக்கம், அதற்குக் கீழே பெட்ரோல், எத்தனாலில் ஓடும் சின்ன பிக்கப்கள் மறுபக்கம் என்று சந்தை இரண்டாகப் பிரிந்தது. கீழ்ப்பக்கத்தில் மலிவான காரின் இன்ஜினே போதும். ஃபியட், ஃபோக்ஸ்வாகன், செவ்ரலே, ஃபோர்டு நான்கும் தங்கள் சின்னக் கார்களிலிருந்து ஆளுக்கொரு பிக்கப் செய்து பல ஆண்டுகள் போட்டி போட்டன. 2016-இல் ஃபியட் டோரோ வந்தபோது அதன் டீசல் ரகத்துக்குச் சரியாக ஒரு டன் சுமைத்திறன் கொடுக்கப்பட்டது. சட்டத்தின் கோட்டைப் பார்த்து வரைந்த வண்டி என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா: தாயோடு போன பிள்ளை

கார் வகை பிக்கப்பின் பலமே அதன் பலவீனமும். தாய்க்கார் நின்றால் இதுவும் நிற்கும். ஆஸ்திரேலியாவில் பெரிய செடான் விற்பனை சரிந்து தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது, 2016-இல் ஃபால்கன் யூட்டும் 2017-இல் ஹோல்டன் யூட்டும் கூடவே போயின. அதற்குள் 2005 முதல் தாய்லாந்தோடு நடப்பில் இருந்த வர்த்தக ஒப்பந்தத்தால் அங்கே செய்த ஏணிச் சட்ட பிக்கப்கள் வரியில்லாமல் வந்து குவிந்திருந்தன. ஊழியருக்கு நிறுவனம் கொடுக்கும் வண்டி மீதான வரியிலும், நான்கு கதவு பிக்கப்புக்கு விலக்கு கிடைக்க ஒரு டன் சுமைத்திறன் முக்கிய அளவுகோலாக இருந்தது. என்பி200-இன் கதையும் அதேதான். அதன் தாயான முதல் தலைமுறை டாசியா லோகன் கார் எப்போதோ போய்விட்டது. பிள்ளை மட்டும் சில ஆண்டுகள் தனியாக ஓடிப் பார்த்து நின்றது.

நிறுவனங்களின் சொந்தக் கணக்கும் உண்டு. அதே தளத்தில் அதே தொழிற்சாலையில் ஒரு எஸ்யூவி செய்தால் அதிக விலைக்கு விற்கலாம். பிக்கப்பைச் செய்தாலும் நான்கு கதவு வைத்துக் குடும்ப வண்டியாக்கினால் லாபம் கூடும். அதற்குக் கொடுக்கும் விலை தொட்டியில் தெரிகிறது: 2020-இல் வந்த ஸ்ட்ராடாவின் இரண்டு கதவு ரகத்தில் தொட்டியின் கொள்ளளவு 1,354 லிட்டர், நான்கு கதவு ரகத்தில் 844 லிட்டர். சுமைத்திறனும் 720 கிலோவிலிருந்து 650-க்கு இறங்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. விளம்பரத்தில் உள்ள சுமைத்திறன் அடிப்படை ரகத்துக்கானது. நீங்கள் வாங்கும் அதே வண்டியின் எண், பல நாடுகளில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். அதிலிருந்து வழக்கமாக ஏறும் ஆட்களின் எடையைக் கழியுங்கள்.

2. அடிக்கடி ஏற்றும் பொருளில் மிக நீளமானதை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கதவு ரகங்களின் தொட்டி ஒன்றரை மீட்டருக்கும் குறைவாக இருக்கும். மாவெரிக்கில் தொட்டித் தரை 1.37 மீட்டர், பின்கதவைத் திறந்து போட்டால் ஏறக்குறைய 1.8 மீட்டர். ஏணியும் பைப்பும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும்.

3. பின் சஸ்பென்ஷன் எந்த வகை என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் குனிந்து பாருங்கள்.

4. பழைய வண்டி என்றால் தொட்டியின் விரிப்பை எடுத்துவிட்டு, சக்கர வளைவுக்கும் தரைக்கும் இடையே உள்ள வெல்டிங் கோட்டில் விரிசலும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவு மூடும்போது ஒரு பக்கம் உரசினாலோ, இருபுற இடைவெளியும் சமமாக இல்லாவிட்டாலோ, அந்தத் தொட்டி தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.